இடாப்பிலே ஒரு பூச்சியம்

காலை ஏழு மணிக்குப் பரந்தன் சந்தியிலே சிறிது நேரம் நின்று பார்ப்பவர்க்கு இவ்வூரின் உயிர்த்துடிப்பு நன்கு விளங்கும். வடக்கே ஆனையிறவை நோக்கியும் தெற்கே கிளிநொச்சியை நோக்கியும் கண்டி வீதி நீண்டு கிடக்கின்றது. மேற்கே பூநகரிக்கும் கிழக்கே முல்லைத்தீவுக்கும் வீதிகள் பிரிகின்றன. இவ்வீதிகள் யாவற்றிலும் அந்நேரத்தில் வெண்ணிறச் சீருடைகளே காட்சி தரும். தம்பியை முன்னே இருத்திக்கொண்டு துவிச்சக்கர வண்டியை மிதித்து வரும் அண்ணன்மார். இரட்டைப் பின்னலும் கழுத்துப்பட்டியுமாகத் தோழியரோடு நடந்து வரும் சிறுமியர். பஸ் வருமா வராதா என்று வீதியை எட்டி எட்டிப் பார்க்கும் மாணவர் கூட்டம்!

இக்காட்சியைக் கண்டு மகிழாதார் யார்? ஆயினும், ஆசிரியத் தொழிலிலே பல ஆண்டுகளைக் கழித்துவிட்ட எமக்கு அந்த மகிழ்ச்சியோடு ஒரு குறுகுறுப்பும் சேர்ந்தே எழுவதுண்டு. வருகின்ற பிள்ளைகளைக் கண்டு களிக்கும் அதே வேளையில், வராத பிள்ளை யார் என்று மனம் தேடத் தொடங்கிவிடுகின்றது. இதற்குக் காரணம் உண்டு. அதனை இன்று வாசகர்களிடம் ஒளிக்காமற் சொல்லிவிட விரும்புகின்றோம்.

வகுப்பாசிரியர் நாள்தோறும் காலையிலே செய்யும் முதல் வேலை இடாப்புக் குறித்தல். வந்த பிள்ளைக்கு ஒன்று. வராத பிள்ளைக்குப் பூச்சியம். இரண்டு நிமிட வேலை. பூச்சியத்துக்கு மதிப்பில்லை என்று கணிதம் கற்பிப்போர் சொல்வதுண்டு. இடாப்பிலே விழும் பூச்சியத்துக்கு எத்துணைப் பாரம் உண்டு என்பதை நாம் ஒரு பிள்ளையை இழந்த பின்னரே கற்றுக்கொண்டோம்.

நாம் செய்த பிழை

அது 2012ஆம் ஆண்டு. மீள்குடியேறி வந்த மக்கள் தகரக் கொட்டில்களிலும் அரைகுறைச் சுவர்களிலும் வாழ்வை மறுபடி தொடங்கியிருந்த காலம். பரந்தனை அடுத்த ஒரு பாடசாலையிலே தரம் ஒன்பதுக்கு நாம் வகுப்பாசிரியராக இருந்தோம். எமது வகுப்பிலே ஒரு சிறுவன். மெலிந்த தேகம்; கூர்மையான கண்கள். கணிதத்திலே கெட்டிக்காரன். ஆனால் வாரத்தில் இரண்டு நாள், சில வாரங்களில் மூன்று நாள், அவன் இடம் வெறுமையாகவே இருக்கும்.

கேட்டாற் பதில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். சுகமில்லையா என்றால் தலையை ஆட்டுவான். ஊர் சுற்றினாயா என்றாலும் அதே விதமாக ஆட்டுவான். அவ்வாட்டத்திலே எமக்குப் பொறுமை போயிற்று. ஒரு நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தினோம். மற்றொரு நாள் எல்லோர் முன்னிலையிலும் அவன் பெயருக்கு நேரே விழுந்திருந்த பூச்சியங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினோம். இறுதியாக ஒரு வெள்ளிக்கிழமை, “திங்கட்கிழமை தகப்பனைக் கூட்டிக்கொண்டு வா. இல்லாவிட்டால் வகுப்புக்குள் வராதே” என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினோம்.

திங்கட்கிழமை அவன் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. பூச்சியங்கள் வரிசையாக விழுந்தன. மூன்று வாரங்கள் கழிந்த பின், மனம் உறுத்தவே, வழி விசாரித்துக்கொண்டு அவன் வீட்டுக்குச் சென்றோம். தகரக் கொட்டிலின் வாசலில் ஒரு மூதாட்டி காலை நீட்டி அமர்ந்திருந்தார். அருகிலே நான்கு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்குழந்தை மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. நாம் யார் என்று அறிந்ததும் அம்மூதாட்டி எழ முயன்றார், முடியவில்லை.

“தகப்பனைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னீங்களாம், வாத்தியார்” என்றார். குரலிலே கோபம் இல்லை. “2009இலை காணாமற் போன மனிசனை எங்கை போய்க் கூட்டிக்கொண்டு வாறது?”

நிலம் பிளந்து எம்மை விழுங்காதா என்றிருந்தது. பின்னர் அவர் சொல்லச் சொல்ல எல்லாம் விளங்கிற்று. தாய் வயல்களிலே கூலி வேலைக்குப் போகின்றவர். வேலை கிடைக்கும் நாள்களிலே தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பாட்டிக்கோ நடக்க இயலாது. தாய்க்கு வேலை கிடைத்த நாள்களே பையனுக்குப் பூச்சியம் விழுந்த நாள்கள். வேலை கிடைக்காத நாள்களில் அவன் பசியோடு பாடசாலைக்கு வந்திருக்கின்றான். நாம் அவனை வெளியே நிறுத்தியிருக்கின்றோம். இப்போது அவன் யாழ்ப்பாணத்தில் ஒரு கடையிலே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வயது பதினான்கு.

அவனை மீட்டு வர நாம் எடுத்த முயற்சி பலிக்கவில்லை. அவன் அனுப்பும் சிறு தொகையில் வீடு ஓடத் தொடங்கிவிட்டது. முதல் வாரத்திலே நாம் போயிருந்தால், தங்கையை அயலிலுள்ள முன்பள்ளியிலே சேர்த்துவிட ஒரு வழி தேடியிருக்கலாம். சிக்கல் அவ்வளவே. நாம் போகவில்லை. தண்டனையை மட்டும் அனுப்பினோம்.

சட்டமும் வீட்டு வாசலும்

பிள்ளை பாடசாலைக்கு வராதுவிட்டால் யாது செய்வது என்ற வினா எமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலே 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின் பின்னர் வரவு அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். வீடு வீடாகச் சென்று, பிள்ளையை அனுப்பாத பெற்றோரை நீதிமன்றத்துக்கு இழுத்துத் தண்டம் கட்ட வைப்பது அவர்கள் தொழில். 1880இல் கல்வி அங்கே கட்டாயமாயிற்று. ஆனால், உடுக்க உடையின்றியும் காலுக்குச் சப்பாத்து இன்றியும் வீட்டிலிருந்த பிள்ளைக்கு நீதவானின் கட்டளை யாது செய்யும்? தண்டம் கட்டிய வீட்டிலே அன்றைய உணவுங் குறைந்ததுதான் மிச்சம்.

அமெரிக்க நாட்டிலே வேறொரு வழி பிறந்தது. 1906ஆம், 1907ஆம் ஆண்டுகளில் நியூயோர்க், பொஸ்டன் முதலிய நகரங்களில், வீடு தேடிச் செல்லும் ஆசிரியர்கள் தோன்றினர். கையிலே கட்டளை இன்றி, பிள்ளையின் வீட்டு நிலையை அறிந்து, பாடசாலைக்கும் வீட்டுக்கும் பாலமாக நிற்பது அவர்கள் பணி. இன்று பல நாடுகளிலும் பாடசாலைச் சமூகப் பணி எனப்படும் தொழிலுக்கு அதுவே வித்து.

எமது நாட்டின் கதையையும் ஒரு கண் பார்த்தல் வேண்டும். 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் இன்றும் எமது கல்விக்கு அடித்தளமாக உள்ளது. சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் பெருமுயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980இல் இலவசப் பாடநூல்களும் 1993இல் இலவசச் சீருடைத் துணியும் வந்தன. 1998 ஜனவரி தொடக்கம் ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகள் பாடசாலைக்கு வருதல் கட்டாயம் எனப் பிரமாணம் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அவ்வயதெல்லை பதினாறாக உயர்த்தப்பட்டது. கிராம அலுவலர் பிரிவுதோறும் பாடசாலை வரவுக் குழு அமைய வேண்டும் என்பதும் அப்பிரமாணத்தின் ஏற்பாடே.

இவையெல்லாம் நல்லனவே. சட்டம் கதவைத் திறந்து வைக்கின்றது. ஆனால் வாசலுக்கு வெளியே தயங்கி நிற்கும் பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வருவதற்கு ஒரு மனிதர் வேண்டும். அம்மனிதரைத்தான் இன்று பாடசாலைகளிலே ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் என்றும் உளவளத்துணையாளர் என்றும் அழைக்கின்றோம்.

இரண்டு நாள் தானே?

பெற்றோர் பலர் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: “மாதத்திலை இரண்டு நாள் தானே சேர் நிண்டவள்!” இவ்வார்த்தையைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போமாக. ஓர் ஆண்டிலே இருநூறு பாடசாலை நாள்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் இரண்டு நாள் வீதம் தவறினால் ஆண்டிலே இருபது நாள். பத்தில் ஒரு பங்கு. தரம் ஒன்று முதல் பதினொன்று வரை இவ்வாறே போகுமாயின் 220 நாள்கள். அதாவது, ஓர் ஆண்டுக்கும் அதிகமான கல்வியை அப்பிள்ளை சிறிது சிறிதாக, ஒருவரும் அறியாமல் இழந்துவிடுகின்றது. நாளுக்கு ஒரு துளியாக ஒழுகும் குடத்தின் வெறுமை ஒரு நாளிலே தெரிவதில்லை.

இதிலே பெற்றோரைக் குறை கூறிப் பயனில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே 28,080 குடும்பங்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2018இல் வெளியாயிற்று. தம் பிள்ளைகள் எத்தனை நாள் வரவில்லை என்பதைப் பெற்றோர் உண்மையினும் குறைவாகவே எண்ணியிருந்தனர் என்பது அதிலே தெரிந்தது. அவர்களுக்கு உண்மையான எண்ணிக்கையைச் சொல்லும் கடிதத்தைத் தபாலில் அனுப்பியதன் பயனாக, மிக அதிகமாக வரவு தவறும் மாணவர் தொகை பத்து வீதத்துக்கு மேற் குறைந்ததாம். வைதும் எழுதவில்லை, மிரட்டியும் எழுதவில்லை. கணக்கை மட்டும் சொன்னார்கள். எம் போன்றோர் இதிலே கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. இடாப்பு அலுமாரியிலே பூட்டி வைக்கும் பொருளன்று. அதிலுள்ள செய்தி உரிய வீட்டுக்கு உரிய காலத்திலே போய்ச் சேரல் வேண்டும்.

இம்மண்ணின் காரணங்கள்

பரந்தனைச் சூழ்ந்த ஊர்களிலே பிள்ளைகள் ஏன் வருவதில்லை? காரணங்கள் இம்மண்ணோடு பிணைந்தவை. காலபோக நெல் அறுவடையாகும் மாதங்களிலே வகுப்புகள் மெலிந்து போகும். முன்னாளிற்போல் அரிவு வெட்டுக்குப் பிள்ளைகள் போவதில்லை, இயந்திரம் வெட்டிவிடுகின்றது. ஆயினும் வீதியோரத்திலே காயப் போட்ட நெல்லுக்குக் காவல் வேண்டும். தாயும் தகப்பனும் வயலிலே நிற்க, வீட்டிலே சிறியவர்களுக்குத் துணை வேண்டும். மாரி பொழிந்து குளங்கள் நிரம்பினால் உள்வீதிகள் நீரில் மூழ்கும். 2018 டிசம்பரிலே கிளிநொச்சியைச் சூழ்ந்த பெருவெள்ளத்தை எவர் மறப்பார்? புத்தகமும் கொப்பியும் நனைந்துபோன பிள்ளை, பாடசாலை திறந்த பின்னும், வெறுங்கையோடு வர வெட்கப்பட்டு வீட்டிலே நின்றுவிடுகின்றது.

தாய் வெளிநாட்டுக்கு உழைக்கச் சென்ற வீடுகள் உண்டு. கடன் வசூலிப்போர் வந்து நிற்கும் நாளிலே பெரியவர்கள் இல்லை என்று சொல்வதற்காகப் பிள்ளையை நிறுத்திக்கொண்ட வீடும் உண்டு. 2020 மார்ச்சிலே கொள்ளை நோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022இலே எரிபொருள் இன்மையால் மறுபடியும் மூடப்பட்டன. அந்த இடைவெளியிலே கூலி வேலைக்குப் போய்ப் பணத்தைக் கையிலே கண்ட சில பிள்ளைகள் திரும்பி வரவே இல்லை.

இவை கண்ணுக்குத் தெரியும் காரணங்கள். கண்ணுக்குத் தெரியாத காரணங்களும் உள. 2009ஆம் ஆண்டு பிறந்தபோது போர்முனை பரந்தனைக் கடந்து சென்றது. முல்லைத்தீவு வீதி வழியாக, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று எம் மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். அவ்வீதியிலே நடந்த பிள்ளைகளே பின்னர் எமது வகுப்புகளிலே அமர்ந்திருந்தார்கள். போர் நடந்த காலத்திலே வடக்குக் கிழக்குப் பிள்ளைகள் 420 பேரைப் பயிற்சி பெற்ற ஆசிரிய ஆலோசகர்கள் கண்டு விசாரித்த ஓர் ஆய்வு 2009இல் வெளியாயிற்று. அவர்களுள் 92 வீதமானோர் குண்டுவீச்சு, ஷெல்லடி, உற்றார் மரணம் முதலிய கொடுமைகளை அனுபவித்திருந்தனர். நால்வரில் ஒருவருக்கு அதனால் உண்டான மனவடு நோய் என்று சொல்லத்தக்க அளவுக்கு இருந்தது.

மனவடு என்னும் சொல்லைத் தமிழ் மக்களிடையே பரப்பியவர் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள். காயம் ஆறினாலும் வடு நிற்கும் அல்லவா? இரவிலே உறங்காத பிள்ளை காலையிலே எழுந்திராது. திடீர் ஓசைக்கு நடுங்கும் பிள்ளை கூட்டத்துக்குள் வர அஞ்சும். நினைவு சிதறும் பிள்ளை பாடத்திலே பின்தங்கும்; பின்தங்கியதால் ஏச்சுக் கேட்கும்; ஏச்சுக்கு அஞ்சி வராது. வெளியிலிருந்து நோக்குவார்க்கு இவையெல்லாம் சோம்பலாகவே தோன்றும். இன்று வகுப்பிலிருக்கும் பிள்ளைகள் போரின் பின்னர் பிறந்தவர்கள். ஆனால் அவர்களை வளர்ப்போர் அவ்வீதியிலே நடந்தவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

எந்த நாள் என்று பாருங்கள்

எமக்கு அறிவு புகட்டியவர் எமது பாடசாலையிலே பின்னர் ஆலோசனைப் பொறுப்பை ஏற்ற ஓர் ஆசிரியை. வயதிலே எம்மினும் இளையவர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிற்பகலிலே இடாப்புகளை ஒரு முறை புரட்டுவது அவர் வழக்கம். ஒரு நாள் எமது இடாப்பைப் பார்த்தபடி அவர் சொன்னார்: “எத்தனை நாள் எண்டு மட்டும் எண்ணாதையுங்கோ சேர். எந்த நாள் எண்டும் பாருங்கோ.”

அவர் விரல் வைத்துக் காட்டியது தரம் ஏழிலே படித்த ஒரு சிறுமியின் பெயர். அவள் வராத நாள்கள் ஏறக்குறைய எல்லாம் செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையுமாகவே இருந்தன. நாம் பல வாரங்களாகக் குறித்தும் எமது கண்ணுக்கு அது படவில்லை. அவ்விரு நாள்களிலும் ஒரு பாடவேளையிலே மாணவர் ஒவ்வொருவராக எழுந்து உரக்க வாசித்தல் வேண்டும். அச்சிறுமிக்குப் பேச்சிலே திக்கல் இருந்தது. வாசிக்கத் தொடங்கினால் வகுப்புச் சிரிக்கும். வீட்டிலே வயிற்றுவலி என்று சொல்லுவாள். தாயும் நம்பிக் கசாயம் காய்ச்சிக் கொடுப்பார்.

ஆசிரியை அச்சிறுமியிடம் ஏன் வரவில்லை என்று கேட்கவேயில்லை. நூலகத்திலே புத்தகங்களை அடுக்க உதவிக்கு அழைத்தார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவளாகவே சொன்னாள். பின்னர் பாட ஆசிரியரைக் கண்டு பேசினார். அச்சிறுமி சில காலம் ஆசிரியர் மேசையருகே நின்று அவருக்கு மட்டும் கேட்க வாசிக்கலாம் என்று முடிவாயிற்று. சிரித்த பிள்ளைகளுக்கும் தனியே இதமாகப் புத்தி சொல்லப்பட்டது. பேச்சுப் பயிற்சிக்காக மருத்துவமனைக்கும் வழி காட்டினார். திக்கல் முற்றாக நீங்கிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. செவ்வாயும் வியாழனும் அவள் வரலானாள் என்பதே செய்தி. அது போதாதா?

இதிலிருந்து ஆலோசகரின் பணி இன்னதென்பது விளங்கும். முதலாவது, காலத்தோடு காணுதல். முப்பதாம் நாளிலே தேடுவதிலும் மூன்றாம் நாளிலே விசாரிப்பது எளிது, பயனும் அதிகம். இரண்டாவது, குற்றம் சாட்டாமற் கேட்டல். “ஏன் வரவில்லை?” என்னும் கேள்வியே சில பிள்ளைகளுக்கு அடி போல விழும். “நேற்று உன்னைக் காணவில்லை, தேடினோம்” என்னும் வார்த்தையிலே அதே கேள்வி உண்டு, ஆனால் அடி இல்லை.

மூன்றாவது, வீடு செல்லல். பொலிசாரைப் போலப் போகாமல் உறவினரைப் போலப் போதல் வேண்டும். திண்ணையிலே இருந்து அவர்கள் தரும் தேநீரைக் குடித்தால் அரைவாசிக் கதை தானாக வரும். நான்காவது, இணைத்து வைத்தல். ஆலோசகர் ஒருவரே எல்லாம் செய்ய இயலாது. உதவித்தொகைக்குத் தகுதியுள்ள குடும்பமாயின் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திடமும் சொல்லலாம். பிள்ளைக்குத் தீங்கு நேருமாயின் சிறுவர் உரிமை மேம்பாட்டு அலுவலரிடமும் நன்னடத்தை அலுவலரிடமும் சொல்லியே ஆகவேண்டும். உறக்கமின்மை, பேரச்சம், தன்னை மாய்க்கும் எண்ணம் போன்றவை காணப்பட்டால் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். தமது எல்லையை அறிந்திருத்தலும் ஆலோசகர்க்கு உரிய அறிவே.

ஐந்தாவதை நாம் மிகவும் வற்புறுத்துவோம். அது திரும்பி வந்த பிள்ளையை வரவேற்றல். பல நாள் கழித்து வரும் பிள்ளை வாசலிலே கால் வைக்கும் அந்தக் காலையே மிகவும் ஆபத்தான வேளை. “வந்தாரையா பெரியவர்!” என்று ஓர் ஆசிரியர் ஏளனமாகச் சொல்லிவிட்டாற் போதும், ஆலோசகர் பத்து நாள் பாடுபட்டதெல்லாம் பாழாகிவிடும். தவறிய பாடங்களை எழுதிக்கொடுக்க ஒரு தோழனையோ தோழியையோ முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்தல் நன்று. பிள்ளை சொன்ன வீட்டுக் கதையை ஆசிரியர் அறையிலே ஒருவரும் பேசாதிருத்தல் அதனினும் நன்று.

பேச்சாற் பசி தீருமா?

ஒன்றை இங்கே நேர்மையாக ஒத்துக்கொள்ளல் வேண்டும். எல்லாக் குறையும் ஆலோசனையாலே தீர்ந்துவிடா. பசித்த பிள்ளைக்குப் புத்திமதி உணவாகுமா? தமிழ்நாட்டிலே காமராசர் அவர்கள் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஏழைப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்து வரும் வழி இதுவே என்று கண்டார். 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டெம்பரில் அங்கே காலை உணவும் தொடங்கப்பட்டது. எமது நாட்டிலும் 1950களின் பிற்பகுதியிலே கல்வி அமைச்சராயிருந்த தகநாயக்கா அவர்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பணிஸ் கொடுத்ததை முதியோர் நினைவு கூர்வர். உணவும் பஸ்சும் கழிவறையும் குடிநீரும் இருக்கும் பாடசாலையிலேதான் ஆலோசகரின் வார்த்தைக்குப் பலம் உண்டு. பெண் பிள்ளைகள் மாதத்திலே சில நாள்கள் வராதிருப்பதற்கு நல்ல கழிவறை இன்மையே காரணமாயின், அங்கே செய்ய வேண்டியது கழிவறை கட்டுதலேயன்றி அறிவுரை கூறுதலன்று.

அதுவுமன்றி, ஆலோசகர்க்கு நாம் கொடுத்திருக்கும் வசதி யாது? பல பாடசாலைகளிலே அவர் முழுநேரப் பாடங்களையும் கற்பித்துக்கொண்டு, எஞ்சிய நேரத்திலேயே இப்பணியைச் செய்கின்றார். தனியறை கிடையாது. களஞ்சிய அறையின் மூலையிலோ மரத்தடியிலோ ஒரு பிள்ளை தன் துயரத்தைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. பரீட்சைக் காலம் வந்ததும் அந்த எஞ்சிய நேரமும் பறிக்கப்படுகின்றது. ஆலோசகரின் பாடவேளைகளிலே சிலவற்றைக் குறைத்து, வீடு செல்லும் நேரத்தையும் கடமை நேரமாகக் கணித்தல் அதிபர்களாலும் கல்வி அலுவலர்களாலும் ஆகாத காரியமன்று.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஆலோசனை ஆசிரியரிடம் பேசினால், “என்ன, என்ரை பிள்ளைக்கு விசரோ?” என்று கோபிப்பார் இன்னும் உளர். காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போகின்றோம். மனச்சுமைக்கு ஒரு நல்ல மனிதரிடம் போதலில் இழிவு ஏது? பிள்ளையை நிறுத்திக்கொள்ள வேண்டிய நெருக்கடி வந்தால் அதனை மறையாது பாடசாலைக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லப்பட்ட நெருக்கடிக்கு வழி பிறக்கும். மறைக்கப்பட்ட நெருக்கடிக்குப் பூச்சியம் மட்டுமே விழும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒன்று. உங்கள் அருகிலுள்ள வாங்கு இரண்டு நாளாக வெறுமையாயிருந்தால் அதனை எல்லோர்க்கும் முன்னே அறிபவர்கள் நீங்களே. பாடசாலை விட்டுப் போகும் வழியிலே அந்த வீட்டுப் படலையைத் தட்டி, “ஏன் வரேல்லை? நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தம்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். எந்த அதிகாரியின் கடிதத்தினும் அதற்கு வலிமை அதிகம்.

சந்தியிலே கண்டவன்

சில மாதங்களுக்கு முன்னர் பரந்தன் சந்தியிலே பஸ்சுக்காக நின்றோம். மோட்டார் சைக்கிளிலே வந்த ஓர் இளைஞன் எம்மைக் கண்டு நிறுத்தி இறங்கினான். முன்னாலே ஐந்து வயதுப் பெண் குழந்தை. “சேர், என்னைத் தெரியுதோ?” என்றான். அந்தக் கூர்மையான கண்களை மறக்க முடியுமா? யாழ்ப்பாணக் கடையிலே பல ஆண்டுகள் நின்று, இப்போது சொந்தமாகச் சிறு வியாபாரம் செய்கின்றானாம். அன்று நான்கு வயதாயிருந்த தங்கை உயர்தரம் வரை படித்துவிட்டாளாம். அதனைச் சொல்லும்போது அவன் முகம் மலர்ந்தது.

எமக்குப் பேச வார்த்தை வரவில்லை. பல ஆண்டுகளாக மனத்திலே சுமந்ததை அன்று சொன்னோம். “தம்பி, அன்று நாம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பிழை எம்முடையது” என்றோம்.

அவன் சிறிது நேரம் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: “திங்கட்கிழமை நான் வந்தனான், சேர். கேற்றடியிலை நிண்டுட்டுத் திரும்பிப் போனனான்.”

பதின்மூன்று ஆண்டுகளாக நாம் அறியாதிருந்த செய்தி இது. அன்று இடாப்பிலே பூச்சியம் குறித்துக்கொண்டிருந்த வேளையிலே, பிள்ளை படலைக்கு வெளியே நின்றிருக்கின்றான்! ஒருவர் எழுந்து வெளியே எட்டிப் பார்த்திருந்தாற் போதுமே!

அவன் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு, “வாற தை மாதம் இவளை முதலாம் வகுப்பிலை சேர்க்கப்போறன். இவள் ஒரு நாள் வராட்டியும் வீட்டை வந்து கேளுங்கோ, சேர்” என்றான்.

கேட்போம் என்று வாக்குக் கொடுத்தோம். அன்று முதல் இடாப்புக் குறிக்கும்போது, பூச்சியம் போடுவதற்கு முன்னர் ஒரு கணம் எழுந்து வாசற்படலையைப் பார்த்து வருவது எமது வழக்கமாகிவிட்டது.